குவளை: மலரும் கலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இரண்டு பூக்கள்

திருத்தணிகை மலைக்கு ஒரு பூவின் கதை உண்டு. இந்திரன் இம்மலைச் சுனையில் கருங்குவளையை நட்டு வளர்த்தான். காலை, நண்பகல், மாலை என மூன்று பொழுதிலும் பொழுதுக்கொன்றாக அது மலர்ந்தது. அம்மலர்களால் அவன் முருகனை வழிபட்டான் என்பது தலபுராண மரபு. உற்பலகிரி என்னும் பெயர் இம்மலைக்கு அமைந்ததும் அப்பூவினாலேயே. ஆடிக் கிருத்திகையில் மலர்க்காவடி சுமந்து 365 படிகளை ஏறுகின்றவர்கள், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பழைய பூவின் நினைவையே தோளில் சுமக்கின்றனர்.

இங்கிருந்து வடக்கே 70 கிலோமீட்டருக்குள் உள்ள திருமலைக்கும் ஒரு பூவின் கதை உண்டு. அது சுனையில் பூத்ததன்று. குயவரின் குடிசையில் பூத்தது. குறும்பறுத்த நம்பி என்னும் குயவர் நாள்முழுதும் பானை வனைந்தார்; கோயிலுக்குச் செல்ல அவருக்குப் பொழுதில்லை. வேலை முடிந்தபின் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் திரட்டிப் பூவாக்கி, வீட்டில் வைத்திருந்த திருமாலின் உருவத்திற்கு இட்டார். தொண்டைமான் மன்னன் பொற்பூவால் அருச்சித்துத் திரும்பினான். மறுநாள் அவன் கண்டது, இறைவன் திருவடியில் பொற்பூவின் இடத்தில் மண்பூ. அத்தலத்தில் நாள்வழிபாட்டின்போது புதிய மண் ஓட்டில் இட்ட தயிர்ச்சோறு கருவறைப் படியைக் கடந்து படைக்கப்படும் வழக்கத்தை அக்குயவரின் கதையோடு இணைத்துச் சொல்வர்.

ஒன்று இயற்கை ஈன்ற பூ. மற்றொன்று கை ஈன்ற பூ. இவ்விரண்டையும் இணைக்கும் சொல் ஒன்று தமிழில் இருக்கிறது. குவளை என்பது நீரில் பூக்கும் மலருக்கும் பெயர். நீர் பருகும் கலத்திற்கும் பெயர். இவ்விரு பொருளும் எவ்வாறு ஒரு சொல்லில் வந்து சேர்ந்தன என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் ஆராயட்டும். மலரையும் கலத்தையும் ஒரே பெயரால் அழைக்கும் மொழியில் எழுதுவோர்க்கு, மண்ணைக் கொண்டு இயற்கையை வனையும் கலைஞரின் பணி அந்நியமானதாக இருக்க முடியாது. கை வனையும் குவளை, சுனைக் குவளையின் நகலா? அன்றி வேறொன்றா? இவ்வினாவே இவ்வுரையின் பொருள்.

பாட்டில் வரும் குயவர்

சங்க இலக்கியத்தில் குயவர் பெருமதிப்போடு பேசப்படுகிறார். வேட்கோ என்றும் கலஞ்செய்கோ என்றும் அவருக்கு வழங்கிய பெயர்களில் கோ என்னும் சொல் நிற்பது நோக்கத்தக்கது. கோவூர்கிழார் புறநானூற்றின் 32ஆம் பாட்டில், சோழன் தன் நாட்டைத் தான் கருதியபடியெல்லாம் ஆளும் வன்மையைச் சொல்ல வந்தபோது, குயவர் வீட்டுச் சிறுவர்கள் சக்கரத்தில் இட்ட பச்சை மண் அவர்கள் நினைத்த வடிவையெல்லாம் கொள்வதை உவமை ஆக்கினார். அரசனுக்குச் சிறுவர் உவமையாகின்றனர்.

228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் குயவரை முன்னிலைப்படுத்தி இரங்குகிறார். சோழன் கிள்ளிவளவன் மாண்டான். அவன் புகழுக்கு ஏற்ற தாழி வேண்டுமானால் நிலவுலகமே சக்கரமாகவும் மேருமலையே மண்ணாகவும் அமைய வேண்டும். அது உன்னால் ஆகுமா என்பது புலவரின் கேள்வி. இருள் திரண்டாற்போல் வானில் பரவும் சூளைப் புகையையும் அப்பாட்டு மறக்கவில்லை. 256ஆம் பாட்டிலோ, கணவனை இழந்த ஒருத்தி, வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சிறுபல்லியைப் போலத் தன் தலைவனோடு சுரம் பல கடந்து வந்தவள், தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தரும்படி குயவரை வேண்டுகிறாள். தமிழில் துயரத்தின் அளவைக் கலத்தின் வாயகலத்தால் சொன்ன பாட்டு இது.

நற்றிணையின் 200ஆம் பாட்டில் குயவர் நொச்சிப்பூ மாலை அணிந்து, ஆறு கிடந்தாற்போன்ற நெடுந்தெருவில் திருவிழாவை அறிவித்துச் செல்கிறார். ஊர்க்குச் சாவுக் கலமும் அவரே தருவார். விழாச் செய்தியும் அவரே தருவார்.

இந்நிலப்பகுதிக்கு மற்றொரு சான்றும் உண்டு. தொண்டை மண்டலத்து ஈமக்காடுகளில் கால்கள் பல கொண்ட சுடுமண் பேழைகள் கிடைத்துள்ளன. ஆந்திரத்துக் கடப்பை மாவட்டம் சங்கவரத்தில் கிடைத்த பேழை ஆட்டுக்கடாவின் வடிவில் அமைந்தது. அது சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. இறந்தவரை ஏற்கும் கலத்திற்கு விலங்கின் உடலைக் கொடுத்த அந்தக் கை எதைக் கருதியது என்பது அறியப்படாதது. ஆனால் இயற்கையின் வடிவை மண்ணில் வனையும் விருப்பம் இம்மண்ணுக்குப் புதிதன்று என்பது தெளிவு.

அதே கடப்பைச் சீமையின் கோபவரம் என்னும் ஊரோடு தொடர்புபடுத்தப்படும் மொல்ல, தெலுங்கில் இராமாயணம் பாடிய பெண்பாற் புலவர்; பொதுவாக 16ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படுபவர். அவரைக் கும்மர மொல்ல என்றே ஆந்திர மக்கள் அழைப்பர். கும்மர என்பது குயவர் குடியைக் குறிக்கும். மொல்ல என்பது முல்லையினப் பூவைக் குறிக்கும். 1960 வரை ஆந்திரத்தோடு இருந்து, அவ்வாண்டில் தமிழகத்தோடு இணைந்த இத்திருத்தணி மண்ணில் இரு மொழியும் பேசுவோர் பலர். மண்ணும் பூவும் பெயரிலேயே சேர்ந்த ஒரு கவிஞர் எல்லைக்கு அப்பால் வாழ்ந்தார் என்பது இவ்வூரார்க்கு நெருக்கமான செய்தி.

புதுச்சேரியில் ஒரு சூளை

குயவுத்தொழில் தலைமுறை வழியாக வருவது. கலைக்கூடக் குயவு, அதாவது ஆங்கில வழக்கில் ஸ்டூடியோ பாட்டரி எனப்படுவது, இருபதாம் நூற்றாண்டில் உருவான தனி நெறி. மண்ணைத் தேர்வது முதல் சூளையைத் திறப்பது வரை எல்லாப் படிகளையும் ஒரு கலைஞர் தம் பொறுப்பில் கொண்டு, தம் பெயரால் கலம் செய்வது இதன் இயல்பு. ஆங்கிலேயரான பெர்னார்ட் லீச் ஜப்பானில் பயின்று, ஹமாடா ஷோஜியுடன் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் சூளை அமைத்தார். பெயர் தெரியாத கைவினைஞர் அன்றாடப் பயனுக்காகச் செய்யும் பொருளின் அழகே உயர்ந்தது என வாதிட்டவர் யனாகி சோயெட்சு என்னும் ஜப்பானிய அறிஞர். இச்சிந்தனைகளோடு ஜப்பானில் பழகித் திரும்பிய சர்தார் குர்சரண் சிங் 1952இல் டெல்லி புளூ பாட்டரியை நிறுவினார். இந்தியக் கலைக்கூடக் குயவின் ஒரு கிளை அங்கே தொடங்கியது.

மற்றொரு கிளை தமிழ்மண்ணில் தோன்றியது. அமெரிக்கர்களான டெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகிய இருவரும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் கலைக்கூடத்தைத் தொடங்கினர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள் இவர்கள். டெபோரா ஜப்பானிய மொழியும் மட்கலையும் கற்றவர். மீக்கர் கட்டடக்கலையிலிருந்து மண்ணுக்கு வந்தவர். சுற்றுப்புற ஊர்களைச் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் அக்கூடத்தில் சக்கரத்தில் அமர்ந்து பழகினர். அவருள் சிலர் பின்னர்த் தாமே சூளை அமைத்தனர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த மாணவர்கள் கற்றுத் திரும்பித் தத்தம் ஊரில் கலைக்கூடங்களை நிறுவினர். புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் இன்று வளர்ந்துள்ள மட்கலை மரபுக்கு அவ்வொரு சூளையின் நெருப்பு பெரிதும் காரணம் எனலாம்.

இது புதுச்சேரிக்கு வந்த முதல் அயல்நாட்டுக் கலமன்று. நகரின் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியச் செந்நிறக் கலங்களின் உடைசல்களும் மதுச்சாடிகளும் கிடைத்தன. ஆங்குக் கிடைத்த, உருளையால் வரியிட்ட ஒருவகைத் தட்டுகளையும் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்தவை என்றே வீலர் கருதினார். பிற்கால மண்ணாய்வுகள் அவை இந்திய மண்ணில் செய்யப்பட்டவை என்று காட்டின. அயலாரிடம் கற்ற உத்தி எது, தன் மண்ணில் விளைந்தது எது என்று கலத்தில் பிரித்தறிவது எளிதன்று. இலக்கியத்திலும் அஃது அவ்வாறே.

மண் கலமாகும் வழி

இயற்கையினின்று ஊக்கம் பெற்ற கலம் என்றவுடன், இலை வரைந்த தட்டும், மீன் வரைந்த கிண்ணமும், மலரின் இதழ்போல் விளிம்பு மடிந்த குவளையும் நினைவுக்கு வரும். அவையும் உண்டு. ஈரத்தட்டின் மேல் இலையை வைத்து அழுத்தி எடுத்தால் நரம்பு முழுவதும் பதிந்துவிடும். ஆயினும் இயற்கை கலத்திற்குள் நுழையும் முதன்மையான வழி அதுவன்று. செய்முறையைச் சற்று விரித்துக் கண்டால் அது விளங்கும்.

ஊர்க்குயவர் ஏரி வண்டலையும் மணலையும் கலந்து மிதித்துப் பதமாக்குவார். கலம் பாதி காய்ந்தபின், உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டி அடியை உருட்டுவார். ஏறத்தாழ 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வெப்பத்திற்குள் அது வெந்துவிடும். நுண்துளைகள் மூடப்படாமையால்தான் மண்பானையில் நீர் கசிந்து குளிர்கிறது. கலைக்கூடத்தில் பெரிதும் செய்யப்படுவது ஸ்டோன்வேர் எனப்படும் கல்போல் இறுகும் கலம். களிமண்ணோடு சீனக்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியன சேரும். அதற்கு 1250 முதல் 1300 பாகை வரை வெப்பம் வேண்டும். இறுதியில் கலம் பச்சை நிலையில் இருந்ததைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஆகவே சக்கரத்தில் அமர்பவர் கண்முன் உள்ள கலத்தை வனைவதில்லை. சுருங்கிய பின் எஞ்சப்போகும் கலத்தையே வனைகிறார்.

சக்கரத்தில் முதற்பணி, மண்ணை நடுவில் நிறுத்துவது. நடு அமையாத மண் உயர உயர ஆடும். எவ்வளவு திறமையிருந்தும் பின்னர்த் திருத்த இயலாது. அடுத்தது காயவிடுதல். விளிம்பு விரைந்து காய்ந்து அடி ஈரமாக இருந்தால் கலம் வெடிக்கும். காற்று மிகுந்த ஆடியில் துணி போர்த்திக் காக்க வேண்டும். ஐப்பசி மழையில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதற்சூட்டில் நெருப்பை மெல்ல ஏற்றுவர். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் 573 பாகையில் தன் படிக அமைப்பை மாற்றிச் சட்டென விரியும். ஆறும்போது அதே பாகையில் சுருங்கும். அந்த எல்லையை அவசரமாகக் கடந்தால் கலம் விரிசல் காணும். கலைஞரின் ஆர்வத்திற்கு இங்கே இடமில்லை; கல்லின் இயல்புக்கே இடம்.

முதற்சூட்டிற்குப் பின் மெருகு பூசுவர். மெருகு என்பது மண்கலத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடி. மணற்சத்து கண்ணாடியாகும், சுண்ணாம்பும் சாம்பற்காரமும் அதனை உருகச் செய்யும், களிமண்ணிலுள்ள அலுமினா அது வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்தும். மரச் சாம்பலில் சுண்ணாம்பும் காரமும் உண்டு. நெல் உமிச் சாம்பலில் மணற்சத்து மிகுதி. எனவே அடுப்பில் எஞ்சிய சாம்பலே கலத்திற்குப் பளபளப்பைத் தருகிறது. ஒரு மரத்தின் சாம்பல் மற்றொன்றின் சாம்பலைப் போல் உருகுவதில்லை. சவுக்கு வளர்ந்த மணலும், வேம்பு வளர்ந்த கரிசலும், நெல் விளைந்த கழனியும் தத்தம் தன்மையை அந்த மெருகில் எழுதுகின்றன. கலத்தின் மேல் மரத்தின் படம் இல்லை, மரமே இருக்கிறது.

நிறத்தின் கதை இன்னும் வியப்பானது. கருங்குவளையின் நீலத்தைக் கலத்தில் கொணர விரும்பும் கலைஞர் கோபால்ட்டைப் பயன்படுத்துவார். அதன் ஆக்சைடு கருநிறம்; கார்பனேட்டோ இளஞ்சிவப்பு கலந்த ஊதா. தூரிகையால் பூவை வரையும்போது அவர் நீலத்தைக் காண்பதில்லை. நெருப்பு கடந்த பிறகே நீலம் தோன்றும். இரும்பு, காற்றோட்டமுள்ள சூளையில் தேன்நிறமும் பழுப்பும் தரும்; காற்றைக் குறைத்துப் புகையை அடைத்தால் அதே இரும்பு சிறிதளவு இருந்தும் இளம்பச்சை தரும். செம்பு காற்றில் பச்சை. காற்று குறைந்தால் குருதிச் சிவப்பு. ஒரே பொருள், மூச்சுக்கு ஏற்ப வேறு நிறம். எழுதும்போது புலப்படாத நிறம் காலம் கடந்த பின் பாட்டில் தோன்றுவதைக் கண்ட கவிஞர்க்கு இது விளக்கம் வேண்டாத செய்தி.

இயற்கையின் உருவா, இயற்கையின் முறையா?

மண்ணில் ஒரு தாமரையைச் செய்து இதுவே இயற்கை என்பது ஒரு நெறி. மழை மண்ணை அரிப்பதுபோல் அரித்து, வெயில் ஏரித்தரையைப் பிளப்பதுபோல் பிளந்து, நெருப்பு பாறையை உருக்குவதுபோல் உருக்கி, இயற்கை தன் பொருள்களைச் செய்யும் முறையிலேயே கலத்தைச் செய்வது மற்றொரு நெறி. முன்னது இயற்கையின் உருவைக் கொள்வது; பின்னது இயற்கையின் முறையைக் கொள்வது. சிறந்த கலைக்கூடக் கலைஞர்கள் பெரும்பாலும் பின்னதை நாடினர். விறகுச் சூளையில் பறக்கும் சாம்பல் கலத்தின் தோளில் படிந்து, உருகி, ஆலம்விழுதுபோல் கீழ்நோக்கி வழிந்து உறைகிறது. அதனைக் கலைஞர் வரைந்தார் என்று சொல்ல முடியாது. வரையவில்லை என்றும் சொல்ல முடியாது. கலம் சூளையில் எங்கே நிற்க வேண்டும், நெருப்பு எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதை அறிந்து அவர் வைத்தார். எஞ்சியதை நெருப்பு செய்தது.

இவ்வேறுபாட்டைத் தமிழ்க் கவிதையியல் முன்பே அறிந்திருக்கிறது. அகப்பாட்டில் நீரும் மலரும் மீனும் பறவையும் காட்சிக்கு அழகூட்ட வருவதில்லை. கருப்பொருள்கள் அந்நிலத்து மக்களின் உரிப்பொருளைத் தாமே சுமந்து நிற்கும். உள்ளுறையில் புலவர் மருதத்து எருமையைக் காட்டுவார். தலைவனைச் சொல்ல மாட்டார். இயற்கையை மேற்பூச்சாகக் கொண்ட பாட்டும், இயற்கையால் ஆன பாட்டும் வேறு வேறு. நிலவும் தென்றலும் வரிசையாக இடம்பெற்றதால் ஒரு கவிதை இயற்கைக் கவிதை ஆகிவிடாது. இலை வரைந்ததால் ஒரு தட்டு இயற்கைக் கலம் ஆகாததுபோல.

மீக்கர் 1980களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேலாகச் செய்த ஒரு முயற்சி இங்கே நினைக்கத்தக்கது. ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதிர் கலீலியின் வழியில், பச்சைச் செங்கல்லாலும் மண்ணாலும் வளைவுக் கூரையோடு வீட்டைக் கட்டி, அதனுள் செங்கற்களையும் ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக எரித்தார். வீடும் வெந்தது, உள்ளிருந்த பொருள்களும் வெந்தன. மலிவான வீடு ஏழைக்குக் கிட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். அது பெருவழக்காகப் பரவவில்லை. ஆயினும் கலைஞர் ஒருவர் தம் கலத்தினுள் மனிதர் வாழ இடம் தேடினார் என்பது சிறிய செய்தியன்று. கணவனை இழந்தவள் தாழியை அகலமாக வனையக் கேட்டாள். இவர் வாழ்வோர்க்காக அகலமாக வனைய முயன்றார்.

தீராத கடன்

இவ்வளவும் சொன்னபின் சொல்லாமல் விடக் கூடாத இரண்டு உண்டு.

முதலாவது நெருப்பைப் பற்றியது. இயற்கையைப் போற்றும் கலம் இயற்கையை எரித்தே பிறக்கிறது. புதுச்சேரிச் சூளையில் எரிந்தது கடற்கரை மணலில் வளர்க்கப்பட்ட சவுக்கு. காட்டை அழிக்காமல், நட்டு வெட்டும் மரத்தைத் தேர்ந்தது நன்று. ஆயினும் 1300 பாகை வெப்பத்திற்கு விறகு சிறிதளவு போதாது. எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றுக்கு மாறிய கலைஞர்களும் உளர். அவையும் எங்கோ எரிவதன் பயனே. ஆகவே ஒரு குவளை இவ்வெரிப்புக்குத் தகுதியுடையதா என்னும் கேள்வியைச் சூளை அடுக்குமுன் கலைஞர் ஒவ்வொரு கலத்தையும் நோக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. நன்றாக அமையாத பச்சைக்கலத்தை மீண்டும் நீரில் கரைத்து மண்ணாக்கிவிடலாம். இழப்பு ஒரு நாள் உழைப்பு மட்டுமே. சுட்டபின் அது எக்காலத்தும் மண்ணாகத் திரும்பாது. ஆகையால் கலைக்கூடத்தின் மிக மதிப்புடைய பாத்திரம், சுடாமல் திருப்பிய கலங்கள் கரையும் தொட்டிதான். கவிஞர் வீட்டிலும் அப்படி ஒரு தொட்டி இருத்தல் நலம்.

இரண்டாவது, மதிப்பைப் பற்றியது. கலைக்கூடத்தில் செய்த கிண்ணம் கண்காட்சியில் வைக்கப்படுகிறது. அதன் அடியில் கலைஞரின் முத்திரை இருக்கிறது. அதற்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்ல முடிகிறது. ஊர்க்குயவர் செய்யும் பொங்கற்பானை ஆண்டுக்கு ஒருமுறை சந்தையில் பேரம் பேசப்படுகிறது. முதலாமவர் கலைஞர், இரண்டாமவர் தொழிலாளி. இரண்டு கைகளும் ஒரே மண்ணில் நனைந்தவை. நடு நிறுத்தும் திறனிலோ, நெருப்பின் நிறம் பார்த்து வெப்பம் அறியும் நுட்பத்திலோ ஊர்க்குயவர் குறைந்தவர் அல்லர். ஐயனார் கோயில் வாயிலில் ஆள் உயரத்திற்கு மேல் நிற்கும் சுடுமண் குதிரையைச் செய்தவர் பெயரை யாரும் அடியில் தேடுவதில்லை.

அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் மண்பாண்டத்தை வீட்டிலிருந்து வெளியேற்றின. ஏரியில் வண்டல் எடுப்பதற்கு அனுமதி பெறும் இடர்ப்பாடு மண்ணையே கைக்கு எட்டாததாக்கியது. 2024இல் தமிழக அரசு ஏரி, குளங்களின் வண்டலை உழவர்களும் குயவர்களும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் முறையைக் கொணர்ந்தது பாராட்டுக்குரியது. ஆனால் மண் கிடைத்தாலும், அம்மண்ணில் அமரத் தம் பிள்ளைகள் முன்வருவார்களா என்பதே ஊர்க்குயவரின் கவலை. பிள்ளைகள் வராமைக்கு வருவாய்க் குறைவு மட்டுமே காரணமன்று. மதிப்புக் குறைவும் காரணம். அந்த மதிப்புக் குறைவில் எழுதுவோர்க்கும் பங்குண்டு. படைப்புக் கடவுளைக் குயவர் என்று உவமித்த மரபு, குயவரைப் படைப்பாளி என்று அழைக்க மறந்தது. உவமையில் கொடுத்த உயர்வை அவையில் கொடுக்கவில்லை.

இதற்குக் கலைக்கூடக் கலைஞரைக் குறைகூறிப் பயனில்லை. கிண்ணத்தையும் கலை என்று நகரத்தாரை ஒப்புக்கொள்ளச் செய்தவர் அவர். புதுச்சேரியில் சக்கரம் பழகிய ஊர் இளைஞர் தம் சூளைக்குத் தாமே உரிமையாளர் ஆனது, இரு நெறிகளுக்கும் இடையே பாலம் இட முடியும் என்பதற்குச் சான்று. திருத்தணியைச் சுற்றியும் மண் உண்டு; நந்தியாறு உண்டு; தமிழிலும் தெலுங்கிலும் மண்ணின் பதம் சொல்லத் தெரிந்த முதியோரும் உண்டு. அவர்தம் சொற்கள் அகராதியில் ஏறாமலே மறையுமானால், அந்த இழப்பு முதலில் தமிழாசிரியரையும் கவிஞரையும் சேரும். மண்ணின் பதத்திற்கும் நெருப்பின் நிறத்திற்கும் குயவர் வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுப்பது இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாகலாம். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், திண்ணையில் அமரும் பொறுமையும் போதும்.

ஓட்டின் மதிப்பு

பெரியபுராணத்துத் திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த குயவர். அடியார்க்கு ஓடு வனைந்து அளிப்பதைத் தொண்டாகக் கொண்டவர். சிவயோகியாக வந்த இறைவன் ஓர் ஓட்டை அவரிடம் அடைக்கலமாக வைத்துச் சென்று, பின்னர் அதனை மறையச் செய்து, திரும்ப வந்து கேட்டான். வேறு நல்ல ஓடு தருவதாக நாயனார் சொன்னார். பொன்னால் ஆனதைத் தந்தாலும் வேண்டேன், நான் வைத்த அந்த மண் ஓடே வேண்டும் என்று யோகி மறுத்தார். இக்கதையின் சமயப்பொருள் வேறு. கலம் செய்வோர்க்கு அதில் ஓர் உண்மை உண்டு. ஆலையில் வார்த்த ஆயிரம் குவளைகளுள் ஒன்று தொலைந்தால் மற்றொன்றை வைத்து ஈடு செய்யலாம். கை வனைந்தது தொலைந்தால் ஈடு இல்லை. அதில் ஒரு நாளின் காற்றும், ஒரு சூளையின் நெருப்பும், விரல் நழுவிய ஒரு கணமும் இருந்தன. அவை திரும்ப வாரா.

வஞ்சத்தால் சேர்த்த பொருளைக் காக்க முயல்வது சுடாத மட்கலத்தில் நீரைப் பெய்து வைப்பது போன்றது என்பது வள்ளுவம். 660ஆம் குறள் அதனைச் சொல்கிறது. சுட்ட கலமோ உடைந்தாலும் நிலைக்கிறது. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறிய பெயர்கள் உள்ளன. ஆதன் என்று ஒருவர் பெயர். அவர் யார், அவர் பானையில் என்ன இருந்தது, யார் பருகினர் என்பனவெல்லாம் மறைந்தன. பானையும் உடைந்தது. எழுத்து நின்றது. தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளுள் ஒரு பகுதியைக் காத்துத் தந்தவர் குயவரே. ஏட்டைச் செல்லரித்தது; ஓட்டை அரிக்க முடியவில்லை. அந்த வகையில் புலவர்கள் குயவருக்குப் பட்ட கடன் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை காணலாம். கை வனையும் குவளை, சுனைக் குவளையின் நகலன்று. குறும்பறுத்த நம்பி பூவைப் பார்த்துப் பூச்செய்யவில்லை. நாள்முழுதும் ஊர்க்குப் பானை செய்த கையில் எஞ்சிய மண்ணைப் பூவாக்கினார். அப்பூவுக்கு மணமில்லை, உழைப்பின் ஈரம் இருந்தது. பொற்பூவை விலக்கி அதனை ஏற்றவன், பூவின் உருவத்தை அளந்து ஏற்கவில்லை.

பத்தாண்டுகளாகச் சொல்லை வனையும் இவ்வட்டத்தின் விழா மலரும் ஒரு சூளை திறப்பே. சில கலங்கள் நன்கு அமைந்திருக்கும், சில வளைந்திருக்கும், ஒன்றிரண்டில் எதிர்பாராத நீலம் பூத்திருக்கும். கையில் இன்னும் மண் ஒட்டியிருக்கிறது. அது காய்ந்து உதிர்வதற்குள் அடுத்த பூவைத் தொடங்குவோர்க்கு வாழ்த்து.